பதிவேட்டில் விழுந்த ஓட்டை

பல்கலைக்கழக ஆய்வுக்கூடங்களுக்குள் கதிர்வீச்சுக் கருவிகள் வருவது தெரிகிறது. அவை எங்கே போகின்றன என்பதற்கு யார் பொறுப்பு?

2010 பிப்ரவரி 26. தில்லிப் பல்கலைக்கழகத்தில் பழைய சாமான்கள் ஏலம் போயின. அவற்றில் ஒன்று, வேதியியல் துறையில் 1985-க்குப் பிறகு யாரும் பயன்படுத்தாமல் மூலையில் கிடந்த கனத்த இயந்திரம். ஏலம் எடுத்தவர்களுக்கு அது நல்ல எடையுள்ள ஈயம், இரும்பு. அவ்வளவுதான். லாரியில் ஏறி, மேற்கு தில்லியின் மாயாபுரிக்குப் போய்ச் சேர்ந்தது. நாட்டின் பெரிய காயலான் கடைச் சந்தைகளில் ஒன்று மாயாபுரி. அங்கே எந்த இயந்திரத்தையும் முழுசாக வைத்திருக்க மாட்டார்கள். உடைத்து, பிரித்து, உலோகம் உலோகமாக விற்பதுதான் தொழில்.

இதையும் உடைத்தார்கள். ஈயக் கவசத்தின் உள்ளே பளபளப்பான சிறு குச்சிகள் இருந்தன. கோபால்ட்-60. ஒருவர் அதில் ஒரு துண்டைத் தன் பர்ஸில் வைத்துக்கொண்டு நடமாடினார். சில வாரங்களில் தோல் கறுத்தது. முடி கொட்டியது. ஏப்ரல் முதல் வாரத்தில், கதிர்வீச்சாக இருக்கலாமோ என்ற சந்தேகம் மருத்துவமனையிலிருந்து அதிகாரிகளுக்கு எட்டியபோது கடைத் தெருவில் பலர் நோயில் விழுந்திருந்தார்கள். ஏழெட்டுப் பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். ஏப்ரல் 26-ல் ஒரு தொழிலாளி இறந்துபோனார்.

கவசச் சட்டை அணிந்த விஞ்ஞானிகள் வந்து கோபால்ட் துண்டுகளைப் பொறுக்கியெடுத்து நரோரா அணுமின் நிலையத்துக்கு அனுப்பினர். அந்த இயந்திரம் எங்கிருந்து வந்தது என்பது அதன் பிறகுதான், ஏப்ரல் கடைசியில், உறுதியானது. நாட்டின் தலைசிறந்த கல்வி நிறுவனங்களில் ஒன்றிலிருந்து! அணு விபத்துகளின் கடுமையை அளக்கும் 7 படிகள் கொண்ட சர்வதேச அளவுகோலில் மாயாபுரிக்கு 4-ஆம் படி கிடைத்தது.

மறதியின் விலை

விற்கப்பட்டது ‘காமா செல்’ என்ற கருவி. கனடாவில் செய்யப்பட்டு, ஏலத்துக்குச் சுமார் 40 ஆண்டுகளுக்கு முன் இங்கே வந்தது. வேதிப் பொருட்களின் மீது காமா கதிரைப் பாய்ச்சி என்ன மாற்றம் நிகழ்கிறது என்று பார்க்க அதைப் பயன்படுத்தினார்கள். கோபால்ட்-60-ன் அரை ஆயுள் 5.27 ஆண்டுகள். அதாவது, ஒவ்வொரு 5.27 ஆண்டிலும் அதன் வீரியம் பாதியாகிறது. 40 ஆண்டுகளில் ஏறத்தாழ 200-ல் ஒரு பங்குதான் மிஞ்சும். அந்த மிச்சமே ஓர் உயிரைக் குடிக்கப் போதுமானதாக இருந்தது.

கருவியை இயக்கத் தெரிந்தவர்கள் காலப்போக்கில் ஓய்வு பெறுவார்கள். அறை வேறு வேலைக்குத் தேவைப்படும். புதிதாக வருகிறவருக்கு அது இடத்தை அடைக்கும் ஒரு பெட்டி. ஏலக் குழு கையெழுத்திடும்போது பார்ப்பது சாமான் பட்டியலைத்தான். அதில் ‘எடை’ என்ற கட்டம் இருக்கும், ‘உள்ளே என்ன’ என்ற கட்டம் இருக்காது. கருவி பழுதாகி நடந்த விபத்தல்ல இது. கருவியைப் பற்றிய நினைவு அழிந்ததால் நடந்தது.

அந்த நினைவைக் காப்பாற்றும் வேலை நாட்டில் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தினுடையது. 1962-ஆம் ஆண்டு அணுசக்திச் சட்டத்தின் அடிப்படையில் அது அமைக்கப்பட்டது 1983 நவம்பர் 15-ல். தில்லிக்கு அந்தக் கருவி வந்து பத்து வருடங்களுக்கு மேல் ஆன பிறகு! வாரியம் பிறக்கும் முன்பே ஆய்வுக்கூடங்களில் குடியேறிவிட்ட கருவிகளைத் தேடிப்பிடித்துக் கணக்கில் சேர்ப்பது எவ்வளவு முக்கியம் என்பதை மாயாபுரி உணர்த்தியது.

ஸ்விட்சை அணைத்தால்...

கதிர்வீச்சுச் சாதனங்களில் இரண்டு ஜாதி உண்டு. ஒன்று, கோபால்ட், சீசியம் போன்ற கதிரியக்கப் பொருளை உள்ளே வைத்திருப்பது. அதற்கு ஸ்விட்ச் கிடையாது. மின்சாரம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது வீசிக்கொண்டேயிருக்கும். இன்னொன்று, மின்சாரத்தால் கதிரை உண்டாக்கும் இயந்திரம். எக்ஸ்-ரே கருவி, துகள் முடுக்கி எல்லாம் இந்த வகை. எக்ஸ்-ரே கருவியின் மின்சாரத்தைத் துண்டித்தால் அந்தக் கணமே கதிர் நின்றுவிடும். முடுக்கிகளில் மட்டும், அதிக ஆற்றல் துகள்கள் மோதிய பாகங்கள் கொஞ்ச காலத்துக்குக் கதிரியக்கம் உள்ளவையாக மாறக்கூடும்.

இயந்திரங்கள்தான் இன்று பல்கலைக்கழகங்களில் அதிகம். படிகத்தின் உள் அமைப்பைக் கண்டறிய உதவும் எக்ஸ்-ரே டிஃப்ராக்டோமீட்டர் இயற்பியல், வேதியியல், மண்ணியல், மருந்தியல் துறைகளுக்கு அம்மிக்கல் மாதிரி. அது இல்லாமல் எந்த ஆராய்ச்சியும் அரைபடாது. பெரிய முடுக்கிகளும் உண்டு. 1984-ல் தில்லியில் தொடங்கிய, பல பல்கலைக்கழகங்கள் பகிர்ந்துகொள்ளும் முடுக்கி மையத்தில் 15 மில்லியன் வோல்ட் வரை போகக்கூடிய பெல்லட்ரான் இயங்குகிறது. கனத்த சுவர்கள், பூட்டிய கதவுகள், எச்சரிக்கை விளக்குகள் சூழ்ந்த இத்தகைய இயந்திரத்திடம் யாரும் அலட்சியமாக நடப்பதில்லை. மேஜை அருகே அலமாரி போல நிற்கும் சின்ன இயந்திரத்திடம்தான் அலட்சியம் வரும்.

வலிக்காத தீக்காயம்

டிஃப்ராக்டோமீட்டரின் குழாயில் 40 கிலோவோல்ட் அழுத்தத்தில் எலெக்ட்ரான்கள் செம்புத் தகட்டில் மோதுகின்றன. அங்கிருந்து பென்சில் பருமனுக்கும் குறைவான எக்ஸ்-ரே கற்றை வெளியேறுகிறது. மருத்துவமனை எக்ஸ்-ரே உடம்பை ஊடுருவிப் படம் எடுக்கிறது. அதைவிட ஆற்றல் குறைந்த இந்தக் கதிரின் பெரும் பகுதியைத் தோலும் அதன் அடியில் உள்ள சதையும் விழுங்கிவிடும். ஆகவே ஆபத்து அங்கேயே குவிகிறது. குழாயின் வாசலருகே விரல் குறுக்கே போனால், சில நொடிகளே புண் உண்டாக்கப் போதும்.

அந்த நேரத்தில் சூடு தெரியாது, வலி தெரியாது. பல நாட்கள் கழித்துத்தான் சிவக்கும், கொப்புளிக்கும். ஆய்வு மாணவர் அதற்குள் அந்தச் சோதனையையே மறந்திருப்பார். இன்னொரு வேடிக்கை: அவர் சட்டையில் குத்தியிருக்கும் டி.எல்.டி. பேட்ஜ் எதையும் பதிவு செய்யாமலே இருக்கக்கூடும். மார்பின் மேல் உள்ள பேட்ஜுக்கு, விரலைத் தொட்டுப் போன மெல்லிய கற்றை எப்படித் தெரியும்? விரலிலோ மணிக்கட்டிலோ அணியும் பேட்ஜ் இதற்காகத்தான் இருக்கிறது.

நவீன கருவிகளில் கதவைத் திறந்தால் கற்றையை மறைக்கும் ஷட்டர் தானாக மூடிக்கொள்ளும், அல்லது மின்சாரமே நின்றுவிடும். ‘இன்டர்லாக்’ என்ற இந்த ஏற்பாடுதான் காவல்காரன். வழக்கமான வேலையில் இவனை ஏமாற்ற முடியாது. கருவியை நேர்ப்படுத்தும்போதும் பழுது பார்க்கும்போதும்தான் சிலர் ஒரு கம்பியையோ டேப்பையோ வைத்து அவனைத் தூங்கவைக்கிறார்கள். ஆய்வறிக்கை கொடுக்கக் கடைசி நாள் நெருங்கும்போது, ‘இந்த ஒரு தடவை மட்டும்’ என்ற சமாதானம் சுலபமாக வந்துவிடுகிறது.

எக்ஸ்-ரேயின் பிறப்பிடமே ஒரு பல்கலைக்கழகம்தான். 1895 நவம்பர் 8-ல் ஜெர்மனியின் வூர்ஸ்பர்க் பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் ராண்ட்ஜென் அதைக் கண்டுபிடித்தார். அடுத்த பத்து வருடத்துக்குள், 1904-ல், அமெரிக்காவில் எடிசனின் உதவியாளர் கிளாரன்ஸ் டாலி எக்ஸ்-ரே காயங்கள் புற்றுநோயாக மாறி இறந்தார். சோதனைக்காகத் தன் கைகளையே திரும்பத் திரும்பக் கதிரில் காட்டியவர் அவர். எடிசன் பயந்து அந்த ஆராய்ச்சியையே கைவிட்டார். கையைக் கற்றைக்குக் குறுக்கே நீட்டாதே என்ற பாடம் அவ்வளவு பழையது.

காகிதத்தின் பலம்

இதற்கெல்லாம் 2004-ஆம் ஆண்டின் கதிர்வீச்சுப் பாதுகாப்பு விதிகள் ஒரு வரிசையை வகுத்தன. ஆபத்து கூடக் கூடக் கட்டுப்பாடும் கூடும். முடுக்கிக்கும் நியூட்ரான் உற்பத்திக் கருவிக்கும் லைசென்ஸ் வேண்டும். காமா செல் போன்ற கதிர்வீச்சு அறைகளுக்கு அங்கீகாரம் வேண்டும். ஆராய்ச்சிக்கான எக்ஸ்-ரே பகுப்பாய்வுக் கருவிக்குப் பதிவு வேண்டும். விண்ணப்பம் இப்போது ‘ஈ-லோரா’ என்ற கணினி முறையில் போகிறது.

பதிவு என்றதும் இன்னொரு சான்றிதழ், இன்னொரு முத்திரை என்று பேராசிரியர்கள் அலுத்துக்கொள்வதுண்டு. ஆனால் பதிவு செய்ய உட்கார்ந்தால் சில கேள்விகளுக்குப் பதில் எழுதியே ஆக வேண்டும். கருவி எது? எந்த அறையில்? யாரெல்லாம் இயக்குகிறார்கள்? பாதுகாப்புக்கு யார் பொறுப்பு? அந்தப் பொறுப்பாளர்தான் கதிர்வீச்சுப் பாதுகாப்பு அதிகாரி. அளவைமானியை வைத்துக் கசிவு பார்ப்பதும், பேட்ஜ் கணக்குகளைக் கவனிப்பதும், புது மாணவருக்குப் பயிற்சி தருவதும் அவர் வேலை. ஆனாலும் கடைசிப் பொறுப்பு நிறுவனத்தின் தலைமைக்குத்தான். ‘அதிகாரி பார்த்துக்கொள்வார்’ என்று துணைவேந்தர் ஒதுங்க முடியாது.

அளவுகளும் தெளிவானவை. கதிர்வீச்சுப் பணியாளருக்கு ஐந்து ஆண்டுகளின் சராசரி ஆண்டுக்கு 20 மில்லி சீவர்ட். எந்த ஒரு வருடத்திலும் 30-ஐத் தாண்டக் கூடாது. பொதுமக்களுக்கு வருடத்துக்கு 1 மில்லி சீவர்ட்தான். இயற்கையிலிருந்தே உலக மக்கள் சராசரியாக 2.4 மில்லி சீவர்ட் பெறுகிறார்கள் என்பதோடு ஒப்பிட்டால் இந்தக் கண்டிப்பு புரியும். 18 வயது நிரம்பாதவரைக் கதிர்வீச்சுப் பணியாளராக அமர்த்தக் கூடாது என்பதும் விதி.

விதி இருந்தது, கணக்கு இருந்ததா? 2012-ல் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை அதிர்ச்சி தந்தது. நாட்டில் இயங்கிய 57,443 மருத்துவ எக்ஸ்-ரே நிலையங்களில் பதிவு பெற்றவை 5,270 மட்டுமே. அதாவது பத்துக்கு ஒன்பது கணக்கில் வராதவை. மாநிலங்களில் கதிர்வீச்சுப் பாதுகாப்பு இயக்ககங்கள் அமைக்கும்படி உச்ச நீதிமன்றம் 2001-லேயே கூறியிருந்தும், அறிக்கை எழுதப்பட்டபோது கேரளத்திலும் மிசோரமிலும்தான் அவை அமைந்திருந்தன. மருத்துவமனைகளின் கதி இது. ஆய்வுக்கூடங்கள் தங்களையும் ஒருமுறை எண்ணிப் பார்த்துக்கொள்ள இதைவிட வேறு தூண்டுதல் வேண்டியதில்லை.

விடை கொடுக்கும் முறை

மாயாபுரிக்குப் பிறகு வாரியம் பல்கலைக்கழகத்திடம் விளக்கம் கேட்டு நோட்டீஸ் அனுப்பியது. ஆபத்தான பொருட்களை வாங்குவது முதல் அகற்றுவது வரை கல்வி நிறுவனங்கள் பின்பற்ற வேண்டிய வழிமுறைகளைப் பல்கலைக்கழக மானியக் குழு வகுத்தது. அவற்றின் சாரம் எளிமையானது. கதிரியக்கப் பொருள் உள்ள கருவியை ஏலத்தில் விடும் பேச்சே இல்லை. வாரியத்தின் ஒப்புதலோடு, தயாரித்த நிறுவனத்துக்கோ அங்கீகாரம் பெற்ற கழிவு நிலையத்துக்கோதான் அது போக வேண்டும்.

கதிரியக்கப் பொருள் இல்லாத எக்ஸ்-ரே இயந்திரத்தையும் அப்படியே தள்ளிவிட முடியாது. இன்று ஏலத்தில் எடுப்பவர் நாளை அதில் மின்சாரம் கொடுத்துப் பார்க்கலாம். கவசமோ இன்டர்லாக்கோ இல்லாத கருவி அப்போது உண்மையான ஆபத்து. ஆகவே குழாயை மறுபடி இயங்காதபடி செயலிழக்கச் செய்து, பதிவேட்டிலிருந்து முறைப்படி நீக்க வேண்டும். குழாயின் ஜன்னல் பெரிலியம் என்ற நச்சு உலோகத்தால் ஆனது. பழைய மின்மாற்றி எண்ணெயிலும் நச்சு இருக்கக்கூடும். சுத்தியலால் உடைக்கிற சமாசாரம் அல்ல.

இதற்குப் பெரிய செலவு தேவையில்லை. ஒவ்வொரு துறையும் வருடத்துக்கு ஒரு முறை அறை அறையாக நடந்து, பூட்டிய அலமாரிகளையும் திறந்து, இருப்பதைப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்த்தால் போதும். ஆசிரியர் ஓய்வு பெறும்போது சாவிக்கொத்தோடு கருவிகளின் விவரத்தையும் எழுதி ஒப்படைக்க வேண்டும். எந்த ஏலப் பட்டியலும் கதிர்வீச்சுப் பாதுகாப்பு அதிகாரியின் கையெழுத்து இல்லாமல் வெளியே போகக் கூடாது. அந்த ஒரு கையெழுத்து 2010 பிப்ரவரியில் இருந்திருந்தால், மாயாபுரித் தொழிலாளி மறுநாளும் கடை திறக்கப் போயிருப்பார்.