பார்வையும் பிழைப்பும்

மழை பொய்த்த கரிசல் காட்டை விட்டு லாரி ஓட்டப் போனவர்கள் பாஞ்சாலங்குறிச்சிச் சீமையில் அநேகர். அவர்களுடைய கண்பார்வை நமது கவனத்திற்குரியது.

25 மீட்டர் தூரத்திலுள்ள நம்பர் பலகை நல்ல பகலில் தெரிகிறதா என்று சோதித்து வைத்தியர் அத்தாட்சி தரவேண்டும். பிறகே லாரி லைசென்ஸ். அதன் ஆயுள் முன்பு 3 வருஷம். 2019-ஆம் வருஷத்துத் திருத்தச் சட்டம் அதை 5 ஆக்கிற்று. அலைச்சல் குறைந்தது மெய்யே, பரிசோதனையும் தூரப்பட்டது.

இடையில் மங்கும் கண்ணை ஓட்டுநர் ஏன் மறைக்கிறார்? சொன்னால் பிழைப்புப் போய்விடும். பணியில் உடற்குறை நேர்ந்த சர்க்கார் ஊழியருக்கு அதே சம்பளத்தில் வேறு வேலை தரச் சொல்கிறது, 2016-ஆம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம். தனியார் லாரி ஓட்டுநருக்கு அப்பாதுகாப்பு இல்லை.

அச்சம் உள்ளவரையில் அத்தாட்சி வெறுங் காகிதமே. வருஷந்தோறும் இலவசக் கண் பரிசோதனையும், பார்வை குறைந்தோர்க்கு மாற்று வேலையும் அளிப்பது சர்க்காரின் கடமை. தேசத் தொண்டர்கள் இதைக் கேட்டுப் பெறுவார்களாக!