கற்றாழையில் உண்பது எது, ஒதுக்குவது எது?

எங்கள் தெருவில் பாதி வீடுகளின் வாசலில் கற்றாழை தலைகீழாகத் தொங்குகிறது. திருஷ்டிக்காகக் கட்டியது. மண்ணும் இல்லை, தண்ணீரும் இல்லை. ஆனாலும் மாதக்கணக்கில் பச்சை மாறாமல் இருக்கிறது. தடித்த மடலுக்குள் அது சேர்த்து வைத்திருக்கும் நீர்தான் காரணம். பகலில் இலைத்துளைகளை மூடிக்கொண்டு இரவில் திறக்கும் செடி என்பதால், அந்த நீர் சீக்கிரம் ஆவியாவதில்லை. அந்தச் சேமிப்பைத்தான் நாம் கற்றாழைச் சோறு என்கிறோம்.

சென்ற கோடையில் எதிர்வீட்டு அக்கா காலையில் ஒரு மடலை ஒடித்து, தோலோடு நறுக்கி, மிக்ஸியில் அடித்துக் குடித்துவிட்டார். அன்றிரவு முழுவதும் வயிற்று முறுக்கலும் பேதியும். "செடிதானே, என்ன செய்துவிடப் போகிறது என்று நினைத்தேன்" என்றார் மறுநாள், ஓய்ந்துபோன குரலில். தவறு செடியில் இல்லை. அதைச் சுத்தம் செய்யாமல் குடித்ததில் இருக்கிறது.

ஒரே மடலில் இரண்டு பொருள்கள்

மடலை வெட்டியதும் வெட்டுவாயின் ஓரத்தில், பச்சைத் தோலை ஒட்டி, மஞ்சளாக ஒரு பால் துளிர்க்கும். விரலில் பட்டால் பிசுபிசுக்கும். நாக்கில் பட்டால் கசப்பு வெகுநேரம் விலகாது. இதில் உள்ள அலோயின் என்ற பொருள் கடும் பேதி மருந்து. இந்தப் பாலைக் காய்ச்சி உலர்த்தியதுதான் நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் கரியபோளம். சித்த மருத்துவர்கள் அதை அளவறிந்து கொடுப்பார்கள். நாமாகக் குடிக்கும் பொருள் அல்ல அது.

அமெரிக்காவில் கடைகளில் நேரடியாக விற்கப்பட்ட பேதி மருந்துகளில் கற்றாழைப் பாலைச் சேர்க்க 2002-இல் அனுமதி மறுக்கப்பட்டது. முழு இலைச் சாற்றைத் தண்ணீரில் கலந்து எலிகளுக்கு 2 ஆண்டுகள் கொடுத்த ஆய்வில் பெருங்குடலில் கட்டிகள் தோன்றின. அதன் பிறகு, உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை முழு இலைச் சாற்றை 'மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும்' என்ற பட்டியலில் சேர்த்தது. இந்த எச்சரிக்கை தோலும் பாலும் சேர்ந்த முழு இலைச் சாற்றுக்கானது. பால் நீக்கிய சோற்றுக்கானது அல்ல.

நடுவில் இருக்கும் கண்ணாடி போன்ற சோறு வேறு பொருள். அதில் 98 சதவீதத்துக்கு மேல் தண்ணீர். மீதியில் வழவழப்பைத் தரும் மாவுப்பொருள்களும், சிறிதளவு தாது உப்புகளும் வைட்டமின்களும் இருக்கின்றன. ஈரத்தைப் பிடித்து வைக்கும் அந்த வழவழப்புதான் தோலுக்கு இதம் தருகிறது.

இது சோற்றுக் கற்றாழைதானா?

வேலியோரம் வளரும் ஆனைக் கற்றாழையைச் சிலர் சோற்றுக் கற்றாழை என்று நினைத்து ஒடித்து வந்துவிடுகிறார்கள். அது வேறு குடும்பச் செடி. அதன் மடல் நார்நாராக, விறைப்பாக இருக்கும். நுனியில் ஊசி போன்ற கெட்டி முள் நிற்கும். சாறு பட்டால் தோல் அரித்துத் தடிக்கும். சோற்றுக் கற்றாழையின் மடல் சதைப்பற்றோடு எளிதில் ஒடியும்; ஓரத்தில் சிறு முட்கள் மட்டுமே இருக்கும். ஐயம் இருந்தால் தொடாதீர்கள்.

சுத்தம் செய்யும் முறை

நன்கு முற்றிய செடியில் அடியில் உள்ள வெளிமடலை எடுங்கள். குருத்தை விட்டுவிட்டால் செடி தொடர்ந்து வளரும். மடலைக் கழுவி, வெட்டிய பக்கம் கீழே இருக்குமாறு ஒரு டம்ளரில் அரை மணி நேரம் நிறுத்தி வையுங்கள். மஞ்சள் பால் வடிந்து அடியில் தேங்கும், அதைக் கொட்டிவிடுங்கள்.

பிறகு அடிப்பகுதியில் இரண்டு விரல் அகலத்தையும், மெல்லிய நுனியையும், இருபக்க முள் ஓரத்தையும் நறுக்கி எறியுங்கள். பச்சைத் தோலைச் சீவும்போது சிக்கனம் வேண்டாம். பால் இருப்பது தோலுக்கு நேர் கீழே என்பதால், கொஞ்சம் சோறு தோலோடு போனாலும் பரவாயில்லை. மஞ்சள் கோடு எங்காவது தெரிந்தால் அதையும் சீவிவிடுங்கள்.

சோற்றைத் துண்டுகளாக்கி ஏழு தண்ணீரில் அலசும் வழக்கம் நம்மிடம் உண்டு. தண்ணீர் மாற்ற மாற்ற, ஒட்டியிருக்கும் கசப்பு கரைந்து போகிறது. கடைசியில் ஒரு சிறு துண்டை நாக்கில் வைத்துப் பாருங்கள். கசந்தால் இன்னும் அலச வேண்டும். சுவையற்று வழுக்கினால் தயார்.

வெட்டிய சோறு அறை வெப்பத்தில் சீக்கிரம் கெடும். மூடிய பாத்திரத்தில் ஃபிரிட்ஜில் வைத்து இரண்டு, மூன்று நாளுக்குள் பயன்படுத்துங்கள். நிறம் மாறினாலோ புளித்த வாடை வந்தாலோ கொட்டிவிடுங்கள்.

சாப்பாட்டில் கற்றாழை

வெயில் காலத்துக்கு ஏற்றது கற்றாழை மோர். அலசிய சோறு இரண்டு தேக்கரண்டி, ஒரு டம்ளர் புளிக்காத மோர், சிறு துண்டு இஞ்சி, நாலு கறிவேப்பிலை, உப்பு, ஒரு சிட்டிகை பெருங்காயம் சேர்த்து அடித்தால் போதும். துண்டுகளைப் பனங்கற்கண்டோடு கலந்து, இளநீரில் போட்டும் சாப்பிடலாம். முதல் முறை ஒரு தேக்கரண்டி மட்டும் சாப்பிட்டு, மறுநாள் வயிறு என்ன சொல்கிறது என்று பாருங்கள்.

பாட்டிலில் வாங்கும் கற்றாழைச் சாற்றில் அலோயின் நீக்கப்பட்டதாக லேபிளில் இருக்கிறதா என்று பாருங்கள். குடிக்கும் சாற்றில் அது 10 லட்சத்தில் 10 பங்குக்குக் கீழே இருக்க வேண்டும் என்பது கற்றாழைத் தொழில்துறையினர் வைத்துள்ள அளவு.

தோலுக்கும் தலைக்கும்

வெயிலில் கன்றிய முகம், வறண்ட கை கால், சவரம் செய்த எரிச்சல் ஆகியவற்றுக்குக் குளிர்ந்த சோற்றை மெல்லத் தடவி, கால் மணி நேரம் கழித்துக் கழுவலாம். முதலில் முழங்கையின் உட்புறம் சிறிது தடவி, ஒரு நாள் பொறுங்கள். சிவந்தாலோ அரித்தாலோ உங்களுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று பொருள். மஞ்சள் பால் தோலுக்கும் ஆகாது. முகத்துக்குத்தானே என்று அலசாமல் பூசாதீர்கள். எலுமிச்சைச் சாற்றைச் சேர்ப்பதும் வேண்டாம். அதைப் பூசிக்கொண்டு வெயிலில் போனால் தோல் புண்ணாகிக் கருக்கும்.

அடுப்பில் லேசாகச் சுட்டுக்கொண்டால், முதல் வேலை குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுவது. சூடு தணிந்த பிறகே கற்றாழை. கொப்புளம் உடைந்த புண், ஆழமான காயம், அறுவைச் சிகிச்சைத் தையல் ஆகியவற்றின் மேல் வீட்டுச் சோற்றை வைக்கக் கூடாது. அது கிருமி நீக்கியது அல்ல.

தலைக்குத் தேய்க்க, சோற்றைத் தேங்காயெண்ணெயில் இட்டுச் சிறுதீயில் காய்ச்சுவார்கள். ஈரம் இருக்கும்வரை எண்ணெய் சடசடக்கும். தெறிக்கும் என்பதால் தள்ளி நின்று கிளறுங்கள். சத்தம் அடங்கினால் நீர் வற்றியது, எண்ணெய் பக்குவமானது என்று அறியலாம். வறண்ட முடிக்கும் தலைத்தோலுக்கும் இது இதம் தரும். வழுக்கையில் முடி முளைக்க வைக்கும் என்று நம்ப வேண்டாம்.

யார் தவிர்க்க வேண்டும்?

கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும் கற்றாழையை உள்ளே சாப்பிட வேண்டாம். சிறு குழந்தைகளுக்கும் கொடுக்க வேண்டாம். சிறுநீரகக் கோளாறு, குடல் புண், அடிக்கடி பேதி உள்ளவர்களும் தவிர்ப்பது நல்லது. சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்களுக்கு, கற்றாழையும் சேரும்போது சர்க்கரை அளவு தேவைக்கு மேல் இறங்கக்கூடும். இதயத்துக்கான மருந்தும் நீர் பிரியும் மாத்திரையும் எடுப்பவர்களுக்கு, மஞ்சள் பாலால் பேதியாகிப் பொட்டாசியம் குறைந்தால் ஆபத்து. இவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது. வெங்காயம், பூண்டு ஒவ்வாமை உள்ளவர்களும் கவனமாக இருங்கள்.

சர்க்கரை நோயைத் தீர்க்கும், புற்றுநோயைக் குணமாக்கும் என்று வாட்ஸ்அப்பில் வரும் செய்திகளை நம்பி மருந்தை நிறுத்தாதீர்கள். அப்படி உறுதியான சான்று எதுவும் இல்லை.

வீட்டில் ஒரு தொட்டி

அடியில் துளையுள்ள மண்தொட்டி, மணல் கலந்த மண், நல்ல வெளிச்சம் போதும். மண் நன்கு காய்ந்த பிறகு தண்ணீர் ஊற்றுங்கள். தேங்கினால் வேர் அழுகிவிடும். பக்கத்தில் முளைக்கும் கன்றைப் பிரித்து நட்டால் அடுத்த தொட்டி தயார்.

அந்தக் கன்றைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுக்கும்போது ஒரு வார்த்தையும் சேர்த்துக் கொடுங்கள்: மஞ்சளை வடித்து, தோலைச் சீவி, கசப்புப் போக அலசிய பிறகே கற்றாழை வாய்க்குப் போக வேண்டும்.