இணையவழிச் சித்திரப் பாடமும் தோட்டப்புறப் பிள்ளைகளும்

சித்திரம் கற்பித்தல் என்பது கையைப் பழக்குதல் மாத்திரமன்று. கண்ணைப் பழக்குதலே அதன் முதற்பணி. கை கண்ணைப் பின்பற்றிச் செல்வதாகும். இதனை ஒப்புக்கொண்டோர்க்கு உடனே ஓர் ஐயம் எழும். ஆசிரியர் ஓரிடத்தும் மாணவர் வேறோரிடத்தும் இருப்ப, இடையே ஒரு கண்ணாடித் திரை மாத்திரம் நிற்குமாயின், கண்ணைப் பழக்குதல் எங்ஙனம் கூடும்? கணக்கின் விடையைத் திரையிலே காட்டிவிடலாம், பார்வையைக் காட்டுவதெவ்வாறு? இவ்வையத்தைத் தெமோதரையைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களின் பிள்ளைகளை மனத்திற்கொண்டு ஈண்டு ஆராய்வோம்.

1920களில் இலங்கையிற் சித்திரக் கல்விப் பரிசோதகராக விளங்கியவர் சி. எப். வின்சர். அவர் பெயராலேயே 1938 இல் எஸ். ஆர். கனகசபையவர்கள் யாழ்ப்பாணத்தில் வின்சர் சித்திரக் கழகத்தை நிறுவினார். 1943 இல் ஆங்கில அறிஞர் ஹேர்பேட் றீட், கலையே கல்விக்கு அடிப்படையாக வேண்டும் எனும் கொள்கையை ஒரு நூலாக விரித்தெழுதினார். பார்த்தெழுதும் வழக்கத்தினின்று குழந்தையை விடுவித்தல் வேண்டுமென்பது அந்நூற்றாண்டுச் சித்திரக் கல்வியாளர் பலர் வற்புறுத்திய கருத்தாகும். இணையமோ, அவர்கள் வாயில் வழியாக வெளியேற்றிய வழக்கத்தைச் சாளரம் வழியாக மீண்டும் அழைத்து வருகின்றது. ஒரு வட்டம், அதன்மேல் ஒரு நீள்வட்டம், பின்னர் துதிக்கை, இதோ யானை என முடியும் காணொளிகள் எண்ணிறந்தன. அவற்றைப் பார்த்து ஆயிரம் பிள்ளைகள் ஒரே யானையை வரைவர். ஒரு பிள்ளையும் யானையைக் கண்டிராது.

2020 மார்ச்சில் நாட்டிலுள்ள பாடசாலைகள் யாவும் மூடப்பட்டபோது, இணையக் கல்வி விரும்பி ஏற்கப்பட்டதன்று. வேறு வழியின்மையால் வந்ததாகும். அதன் விளைவு ஊவாவில் எத்தகையதாயிருந்தது என்பதை உலகம் 2021 இல் அறிந்தது. பதுளை மாவட்டத்து லுணுகலைப் பகுதியிலே, தொலைபேசி அலை கிட்டாத பிள்ளைகள் மலையுச்சியில் மரத்தின்மேற் கட்டிய குடிலொன்றில் ஏறிப் பாடங்களைப் பெற்றனர் என்று வெளிநாட்டுச் செய்தி நிறுவனங்கள் படத்துடன் வெளியிட்டன. அவ்வாறு ஏறிப் பெறும் சிறிது நேரத்தைப் பெற்றோர் எப்பாடத்துக்கு ஒதுக்குவர்? கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் ஒதுக்குவர், சித்திரத்துக்கு ஒதுக்கார். ஆகவே நிறைந்த வசதியை எதிர்பார்த்து அமைக்கும் சித்திரப் பாடம், தோட்டத்துப் பிள்ளைக்கு இல்லாத பாடமேயாகும்.

எனவே தொடர்பு அறுந்தாலும் அறாத பாடமே முதலில் வேண்டுவது. ஒரு மணி நேரம் நேரடிக் காணொளி வகுப்பு நடத்தினால் அரைக் கிகாபைட்டுக்குக் குறையாத தரவு செலவாகும். கைத்தொலைபேசித் திரையின் அளவுக்குச் சுருக்கிய 6 படங்களும் 2 நிமிடக் குரற்பதிவும் சேர்ந்து 2 மெகாபைட்டுக்குள் அடங்கும். ஒருமுறை இறக்கிக்கொண்டபின் அலையின்றியே பன்முறை பார்க்கலாம். கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ எனும் தளத்தில் மும்மொழியிலும் பாடங்கள் உள்ளன, பயன்கொள்ளத் தக்கவை. ஆயினும் ஒரு பிள்ளை தானே வரைந்த மரத்தைப் பார்த்து அதற்கேற்ற மறுமொழி கூறல் ஆசிரியர் ஒருவராலேயே ஆகும். ஊடாடும் பாடம் என்று நாம் குறிப்பது அதனையே. பொத்தானை அமுக்கினால் நிறம் மாறுவதன்று ஊடாட்டம். வினா, முயற்சி, மறுமொழி, மறுமுயற்சி என நான்கும் ஒரு வட்டமாகச் சுழல்வதே ஊடாட்டம்.

ஓர் எடுத்துக்காட்டுத் தருவேன். மலைச்சரிவில் நிற்கும் மரத்தைச் சிறுபிள்ளைகள் செங்குத்தாக வரைவதில்லை. சரிவுக்கு நேர்குத்தாக, சாய்ந்து விழுவது போல வரைவர். சுவிற்சர்லாந்து உளவியலறிஞர் பியாஜே இதனை ஆராய்ந்துள்ளார். சமநிலத்துப் பிள்ளைக்கு இஃது ஏட்டுச் சிக்கல்; தெமோதரைப் பிள்ளைக்கோ வாசலிலேயே சரிவுண்டு. பாடம் இவ்வாறு தொடங்கலாம்: “உங்கள் இஸ்தோப்பிலிருந்து தெரியும் மலையையும் அதிலுள்ள நிழல்மரங்களையும் வரைந்து அனுப்புக.” படம் வருகின்றது, மரங்கள் சாய்ந்துள்ளன. ஆசிரியர் அவற்றைத் திருத்தி வரைந்து அனுப்புவாராயின் பாடம் அங்கேயே இறந்துவிடும். அவர் அனுப்பவேண்டியது மற்றொரு வினா: “ஒரு நூலிற் கல்லைக் கட்டித் தொங்கவிடுக. ஒரு கண்ணை மூடி, நூலை மரத்தோடு ஒட்டிப் பார்க்க. இரண்டும் எவ்வாறு நிற்கின்றன?” பிள்ளை வெளியே செல்கின்றது, பார்க்கின்றது, வியக்கின்றது, மீண்டும் வரைகின்றது. இங்கே கற்பித்தது நூலும் கல்லுமேயன்றித் திரையன்று. திரை வினாவைச் சுமந்து வந்ததோடு சரி.

அடுத்த பாடத்துக்கு ஊரே துணைநிற்கும். தெமோதரைக்கும் எல்லவுக்கும் இடையே 1921 இல் முடிவுற்ற ஒன்பது வளைவுப் பாலம் உள்ளது. அதனை எதிரே நின்று நோக்கினால் வளைவுகள் ஏறக்குறைய ஒத்த அகலமாகத் தெரியும். ஓர் அந்தத்தருகே நின்று நோக்கினால் ஒன்றினொன்று ஒடுங்கிச் செல்லும். கையை நீட்டிப் பென்சிலாற் கண்ணளவு எடுத்து எண்களை அனுப்புமாறு கேட்டால், தூரத்தோற்றம் என்னும் கடினமான பாடம் பிள்ளையின் சொந்தக் கண்டுபிடிப்பாகிவிடும். தெமோதரைப் புகையிரத நிலையத்தின் கீழேயே சுரங்கம் வழியாகப் பாதை வளைந்து செல்வதையும் விடலாகாது. கங்காணியொருவர் தலைப்பாகை கட்டுவதைக் கண்டே பொறியியலாளர்க்கு அவ்வளைவு தோன்றிற்று என்பர். கதையின் உண்மை எப்படியாயினும், ஒரு துணி தன்மேலே தான் சுற்றி வருவதை வரைந்து பார்ப்பது சிறந்த பயிற்சி.

நிறம்பற்றிச் சற்று விரிவாகக் கூறுதல் வேண்டும். இணையப் பாடங்கள் பெரிதும் இடறுமிடம் இதுவேயாம். திரையிற் காண்பது ஒளி. தாளிற் பூசுவது சாயம். சிவப்பொளியும் பச்சையொளியும் கலந்தால் மஞ்சள் தோன்றும். சிவப்புச் சாயமும் பச்சைச் சாயமும் கலந்தால் மங்கிய கபிலமே எஞ்சும். திரையிலே நிறம் பயின்ற பிள்ளை தூரிகையை எடுத்ததும் ஏமாறுகின்றது. மேலும் இரு கைத்தொலைபேசிகள் ஒரே படத்தை ஒரே நிறத்திற் காட்டா. ஆதலின் நிறத்தை அடுக்களையிலே பயிற்றுதல் நன்று. மஞ்சட்கரைசலிற் சிறிது சுண்ணாம்பு சேர்த்தால் செந்நிறமாகும். தேயிலைச் சாயத்தில் துருப்பிடித்த ஆணியை ஊறவிட்டால், தேயிலையிலுள்ள துவர்ப்புப் பொருளோடு இரும்பு சேர்ந்து கறுக்கும். பழங்காலத்து மை இம்முறையிலேயே பிறந்தது. அடுப்புக்கரியும் செம்மண்ணும் விலையின்றிக் கிடைப்பன. மஞ்சள் பூசிய தாளிற் பாதியை மூடி, ஒரு வாரம் வெயிலில் வைத்துப் படம் அனுப்பச் சொல்லுக. வெளிறிய பாதி, நிறத்தின் நிலையாமையை எவ்விரிவுரையினும் நன்கு விளக்கும். பெட்டி நிறங்களை வாங்க இயலாத வீடுகளுக்கு இவை ஈடுகட்டும் பொருள்கள் என்று எவரும் எண்ணற்க. தம் பெற்றோர் பறித்த இலையே தாம் தீட்டும் மையாவதை அப்பிள்ளைகள் அறிவது தனிப்பேறு.

படம் பிடித்து அனுப்புவதற்கும் சில சொல்லவேண்டும். தாளை நிலத்தில் வைத்து, பகலொளியில், நேர்மேலிருந்து பிடித்தல் நன்று. பக்கத்தில் வெறும் வெள்ளைத் தாளொன்றையும் வைத்தால் உண்மை நிறத்தை ஆசிரியர் ஊகிக்கலாம்.

இறுதியாக ஒன்று. நேரடி வகுப்பிலே முகத்தைக் காட்டுமாறு பிள்ளைகளை வற்புறுத்துவது சில ஆசிரியர்தம் வழக்கம். லயத்து அறையொன்றிலே குடும்பமெல்லாம் வாழும் வீட்டில், அந்தக் கமராவுக்குள் முகம் மாத்திரமா விழுகின்றது? கொடியிற் காயும் துணியும் கரிபடிந்த சுவரும் அயலூர்ப் பிள்ளைகள் பார்வைக்கு வந்துவிடும். கூசிய பிள்ளை மறுநாள் வகுப்புக்கு வாராது. சித்திரத்துக்கு வேண்டுவது முகமன்று, தாளே. கைத்தொலைபேசியும் பெரும்பாலும் தந்தையுடையதோ தமையனுடையதோ ஆதலின், அவர் வேலையால் மீண்டபின்னரே பிள்ளையின் கைக்கு எட்டும். மாலை 7 மணிக்குமேல் வரும் படங்களைத் தாமதமென்று குறியாமல், மறுநாட் காலையில் ஒவ்வொன்றுக்கும் ஒரு நிமிடக் குரலில் மறுமொழி அனுப்புவதாக ஆசிரியர் தம் நேரசூசியை அமைத்துக்கொள்ளுதல் வேண்டும்.