இடுப்பு மூட்டின் உலோகமும் இருதயத் தளர்ச்சியும்

உடலுக்கு இன்றியமையாத பொருளும் அளவு கடப்பின் நஞ்சாகும் என்பதற்குக் கோபாற்று என்னும் உலோகம் தக்க சான்றாகும். குருதி உண்டாதற்கு வேண்டிய பி-12 உயிர்ச்சத்தின் நடுவே அமைந்திருப்பது இவ்வுலோகமே. குருதியில் இது பன்மடங்கு மிகுந்தாலோ இருதயத்தசை நலிவுறும்.

இவ்வுண்மை 1965, 1966ஆம் ஆண்டுகளிற் கனடாவின் கியூபெக் நகரில் வெளிப்பட்டது. பியர் மிகுதியாக அருந்தியோர் பலர் இருதயத் தளர்ச்சியுற்றனர். ஏறத்தாழ 20 பேர் மாண்டனர். நுரை நிலைத்து நிற்றற்பொருட்டுப் பியரிற் சேர்க்கப்பட்ட கோபாற்று உப்பே காரணமெனப் பின்னர் அறியப்பட்டது. மதுவும் ஊட்டக்குறைவும் அதற்குத் துணைநின்றன.

பிற்காலத்தில் அதே உலோகம் சத்திரசிகிச்சை வழியாக உடலினுட் புகுந்தது. செயற்கை இடுப்பு மூட்டுகளுட் சிலவற்றிற் கிண்ணமும் பந்தும் ஆகிய இரண்டுமே கோபாற்று, குரோமியம் கலந்த உலோகத்தால் ஆனவை. அவை ஒன்றோடொன்று உராய்கையில் நுண்துகள்கள் உதிர்ந்து, கரைந்து, குருதியிற் கலக்கின்றன. உயிரணுக்கள் உணவிலிருந்து ஆற்றல் பெறும் வினையைக் கோபாற்று தடுக்கின்றது. ஓய்வின்றித் துடிக்கும் இருதயம் ஆற்றல் குன்றியவிடத்து வலியிழந்து தளர்கின்றது. செவிப்புலனும் கட்புலனும் மங்குதலுமுண்டு.

2012இற் செருமனியின் மார்பூர்க் நகருக்கு இருதயத் தளர்ச்சியுடன் வந்த ஒருவரின் நோய்க்குக் காரணம் புலப்படவில்லை. தொலைக்காட்சி நாடகமொன்றிற் கண்ட நோயாளியை நினைவுகூர்ந்த வைத்தியர், இவர்தம் இடுப்பு மூட்டை ஆராய்ந்து உண்மை கண்டார். முன்னர் உடைந்த பீங்கான் மூட்டின் துண்டுகள், பின்னர்ப் பொருத்திய உலோகப் பந்தை அரைத்திருந்தன.

‘ஏ.எஸ்.ஆர்.’ என்னும் உலோக மூட்டு 2010 ஆகத்தில் உலகெங்கும் மீளப்பெறப்பட்டது. இந்தியாவில் அதனைப் பெற்றோர் ஏறத்தாழ 4700 பேர். அவருள் 3600 பேருக்கு மேற்பட்டோரைக் கண்டறிய இயலவில்லை என அரசு அமைத்த குழு அறிவித்தது. ஆவணம் பேணப்படாமையின் தீங்கு இதனால் விளங்கும்.

இவ்வகை இருதயத் தளர்ச்சி அரிது. செயற்கை மூட்டுடையார் யாவரும் அஞ்ச வேண்டுவதில்லை. இக்காலத்திற் பெரும்பாலான மூட்டுகளில் உலோகமோ பீங்கானோ பிளாத்திக்கின்மேல் அசைகின்றது. ஆயினும் பதுளை, பசறை, அப்புத்தளைத் தோட்டங்களிற் கொழுந்துக்கூடை சுமந்து மலையேறி மூப்படைந்த ஒருவர்க்கு மூச்சிரைப்பும் கால்வீக்கமும் தோன்றின், இரத்தக்குறைவென்றோ முதுமையென்றோ வீட்டார் ஒதுக்கிவிடுதல் கூடும். முன்னர் மூட்டு மாற்றப்பட்டதாயின் அதனை வைத்தியரிடம் தவறாது கூறல் வேண்டும். ஐயமேற்படிற் குருதியிலுள்ள கோபாற்றின் அளவை நோக்கலாம். ஒரு லீற்றரில் 7 மைக்கிரோகிராமுக்கு மேற்படின் கூர்ந்து ஆராய்தல் முறை. காலத்தே மூட்டை மாற்றினால் அளவு குறையும். இருதயமும் தேறுதல் கூடும்.

மூட்டின் பெயரும் பொருத்திய நாளும் குறித்த அட்டையைப் பிறப்புச் சான்றிதழோடு ஒப்பப் பேணுதல் வேண்டும். லயத்திலிருந்து பிள்ளைகளைத் தேடிக் கொழும்புக்குச் செல்லும் முதியோர்க்கு, அங்குள்ள வைத்தியரிடம் அவர்தம் வரலாற்றைக் கூறவல்லது அவ்வட்டையே.