தலைமாட்டில் நிற்பவர் செவிலியரா?

சில மாதங்களுக்கு முன் ஒரு விடியற்காலையில் எங்கள் மயக்கவியல் துறைக்கு அமெரிக்காவிலிருந்து ஓர் அழைப்பு வந்தது. சர்க்கரை நோய்க்கும் இரத்த அழுத்தத்துக்கும் பல ஆண்டுகளாக இம்மருத்துவமனையில் சிகிச்சை பெற்றுவரும் அம்மையார் ஒருவர், பேரக் குழந்தையைப் பார்ப்பதற்காக மகன் வீட்டுக்குச் சென்றிருந்தார். சென்ற இடத்தில் பித்தப்பையில் கல் அடைத்து, வலியும் காய்ச்சலும் மிகுந்து, அன்றிரவே அறுவை செய்தாக வேண்டிய நிலை. மகன் கேட்டார்: "டாக்டர், அம்மாவுக்கு மயக்க மருந்து கொடுக்கப்போவது ஒரு நர்ஸ் என்கிறார்கள். சம்மதப் படிவத்தில் கையெழுத்திடலாமா? அல்லது வேறு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றுவிடட்டுமா?"

அவருடைய அடையாள அட்டையில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்துச் சொல்லும்படி கேட்டோம். 'சி.ஆர்.என்.ஏ.' என்ற நான்கு எழுத்துகளை அவர் படித்தார். கையெழுத்திடுங்கள் என்று சொன்னோம். சீழ் பிடிக்கும் நிலையிலுள்ள பித்தப்பையுடன், சர்க்கரை நோயுள்ள ஒருவரை ஊர் ஊராக அலைக்கழிப்பதுதான் அன்றிரவு அவருக்கிருந்த பெரிய ஆபத்து. எனினும் அந்த மகனின் அச்சத்தை நாங்கள் குறையாகக் கருதவில்லை. பிள்ளைகள் வெளிநாட்டிலிருக்கும் பெற்றோர் பலர் எங்கள் புறநோயாளிகள் பிரிவுக்கு வருகின்றனர். இக்கேள்வி வேறு வேறு வடிவங்களில் எங்களிடம் வந்துகொண்டேயிருக்கிறது. அக்குடும்பத்தாரின் இசைவுடன் இங்கு விரிவாக எழுதுகிறோம்.

நம் நாட்டில் எம்.பி.பி.எஸ். முடித்து, அதன்பின் மயக்கவியலில் மூன்றாண்டு முதுநிலைப் பட்டம் பெற்ற மருத்துவரே பெரும்பாலும் மயக்க மருந்து தருகிறார். அறுவை அரங்கில் அவருக்குப் பக்கத்தில் கருவிகளை ஆயத்தம் செய்து தருபவர் மயக்கவியல் தொழில்நுட்பர். அவர் பணி இன்றியமையாதது. ஆனால் மருந்தைத் தாமாகத் தீர்மானித்துச் செலுத்துவது அவர் பொறுப்பன்று. ஆகவே 'நர்ஸ் மயக்க மருந்து தருகிறார்' என்று கேள்விப்படும்போது, மருத்துவர் கிடைக்காத குறைக்கு யாரையோ நிறுத்திவிட்டார்கள் என்றே நம்மவர் நினைக்கின்றனர்.

அமெரிக்காவில் இவ்வழக்கம் ஏறத்தாழ மயக்கவியல் அளவுக்கே பழமையானது. 1846ஆம் ஆண்டு அக்டோபர் 16 அன்று பாஸ்டன் நகரில் வில்லியம் மார்ட்டன் ஈதர் கொடுத்து வலியற்ற அறுவைக்கு வழிகாட்டினார். பிறகு பல பத்தாண்டுகள் ஈதர் கொடுக்கும் வேலை, அனுபவமில்லாத இளம் மருத்துவர் கையில் விடப்பட்டது. அவர் கண் நோயாளியின் மூச்சின் மேலன்றி, தாம் கற்க விரும்பிய அறுவையின் மேல்தான் இருந்தது. உயிர்கள் போயின. அறுவையில் ஆசை வைக்காமல் நோயாளியை மட்டுமே பார்த்துக்கொண்டிருக்கும் ஒருவரைத் தேடிய அறுவை மருத்துவர்கள், செவிலியரைப் பயிற்றுவித்தனர். 1877இல் பென்சில்வேனியாவின் ஈரி நகரில் சிஸ்டர் மேரி பெர்னார்டு என்ற கன்னியர் இப்பணியை ஏற்றார். மினசோட்டாவில் மேயோ சகோதரர்களுடன் பணியாற்றிய ஆலிஸ் மகா என்ற செவிலியர், 14,000க்கும் மேற்பட்ட நோயாளிகளுக்கு மயக்கம் தந்தும், மயக்க மருந்தால் ஒரு மரணமும் நேரவில்லை என்று 1906இல் எழுதினார். ஈதரைத் துளித்துளியாக விட்டபடி நோயாளியிடம் இதமாகப் பேசியே அவரை உறங்கவைப்பது அவருடைய முறை. மருந்தின் அளவைக் குறைத்ததில் அந்தப் பேச்சுக்கும் பங்குண்டு என்பதை இன்று முதுநிலை மாணவர்களுக்கு நாங்கள் நினைவூட்ட வேண்டியிருக்கிறது.

செவிலியர் மயக்கம் தருவது சட்டத்துக்கு உட்பட்டதுதானா என்று வழக்குகளும் நடந்தன. 1917இல் கென்டக்கியிலும் 1936இல் கலிபோர்னியாவிலும் நீதிமன்றங்கள் செவிலியர் பக்கமே தீர்ப்பளித்தன.

சரி, இன்று அந்த நான்கு எழுத்துகளைப் பெற ஒருவர் என்ன செய்ய வேண்டும்?

முதலில் செவிலியர் பட்டப்படிப்பு, அதன்பின் உரிமத் தேர்வு. இவ்வளவும் முடித்தவர் சாதாரணச் செவிலியர்தாம். மயக்கவியல் பள்ளியின் வாசலுக்கே இன்னும் வரவில்லை. அடுத்து, தீவிர சிகிச்சைப் பிரிவில் குறைந்தது ஓராண்டு முழுநேரப் பணி. இது விதி கேட்கும் குறைந்த அளவு. சேரும் பெரும்பாலோர் இதைவிட அதிகக் காலம் அங்கே உழைத்தவர்கள்.

இந்த நிபந்தனையே முழுப் பயிற்சிக்கும் அடித்தளம் என்பது எங்கள் கருத்து. உங்களில் பலர் தீவிர சிகிச்சைப் பிரிவின் கண்ணாடிக் கதவுக்கு வெளியே அமர்ந்து இரவுகளைக் கழித்திருப்பீர்கள். உள்ளே என்ன நடக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். ஒரு நோயாளி வென்டிலேட்டரில் இருக்கிறார். இரத்த அழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்க நார் அட்ரினலின் சொட்டு ஓடுகிறது. மணிக்கட்டுத் தமனியில் செருகிய குழாயின் வழியே ஒவ்வொரு துடிப்பின் அழுத்தமும் திரையில் எழுதப்படுகிறது. அதிகாலை மூன்று மணிக்கு அழுத்தம் சரிகிறது. சொட்டு தீர்ந்துவிட்டதா, இரத்தக் கசிவா, மூச்சுக் குழாயில் சளி அடைத்ததா, அல்லது தமனிக் குழாய் மடங்கியதால் திரை பொய் சொல்கிறதா? மருத்துவர் வந்து சேர்வதற்குள் இவற்றைப் பிரித்தறிந்து முதல் காரியத்தைச் செய்பவர், கட்டிலருகே நிற்கும் செவிலியர். எண்ணைப் பார்ப்பதோடு நில்லாமல், எண்ணுக்குப் பின்னாலுள்ள மனிதரையும் பார்க்கும் பழக்கம் அங்கேதான் உருவாகிறது. மயக்கவியலும் இதே வேலைதான். ஒரு வேறுபாடு, இங்கே அந்த ஆபத்தை நாமே மருந்து கொடுத்து வரவழைக்கிறோம்.

சேர்க்கைக்கு விண்ணப்பிக்கும்போது கல்லூரி மதிப்பெண், வேதியியல் போன்ற பாடங்களில் தேர்ச்சி, தீவிர சிகிச்சைக்கான தனிச் சான்றிதழ் ஆகியவற்றைப் பார்க்கின்றனர். மயக்கவியல் செவிலியர் ஒருவருடன் அறுவை அரங்கில் நாள் முழுதும் இருந்து கவனித்திருக்க வேண்டும் என்றும் பல பள்ளிகள் கேட்கின்றன. நேர்முகத் தேர்வில் மருந்துகளைப் பற்றிக் கேட்பார்கள். தவறு செய்த தருணத்தைப் பற்றியும், அதன்பின் செய்ததைப் பற்றியும் கேட்பார்கள். 'நான் தவறே செய்ததில்லை' என்று சொல்லும் விண்ணப்பதாரரை எங்கள் துறையிலும் நாங்கள் விரும்புவதில்லை.

2022 முதல் புதிதாகச் சேர்வோர் அனைவரும் முனைவர் நிலைப் பட்டத்துக்கே படிக்கின்றனர். குறைந்தது மூன்றாண்டுகள். உடலியங்கியல், மருந்தியல், வாயுக்களின் இயற்பியல், மயக்கக் கருவியின் உள்ளமைப்பு என வகுப்பறைப் பாடங்கள் ஒருபுறம். அறுவை அரங்கம் மறுபுறம். முடிப்பதற்குள் குறைந்தது 600 நோயாளிகளுக்கு மயக்கம் தந்திருக்க வேண்டும். மருத்துவமனைப் பயிற்சி மட்டும் 2,000 மணி நேரத்துக்குக் குறையக் கூடாது. குழந்தைகள், முதியோர், மகப்பேறு, அவசர அறுவை என ஒவ்வொரு வகையிலும் குறைந்தபட்ச எண்ணிக்கை உண்டு. இறுதியில் தேசிய அளவிலான கணினித் தேர்வு. விடைக்கேற்ப அடுத்த வினா கடினமாகவோ எளிதாகவோ மாறும். வினாக்களின் எண்ணிக்கையும் 100 முதல் 170 வரை ஆளுக்காள் மாறுபடும்.

இதையெல்லாம் தாக்குப்பிடிப்பது எப்படி? எங்கள் தீவிர சிகிச்சைப் பிரிவில் சில ஆண்டுகள் பணியாற்றிய செவிலியர் ஒருவர் இன்று அங்கே இப்படிப்பில் இருக்கிறார். நம் நாட்டில் பட்டம் பெற்றவர்கள் முதலில் தம் கல்விச் சான்றுகளை மதிப்பிடச் செய்து, அந்நாட்டு உரிமத் தேர்வை எழுதி, ஆங்கிலத் திறனையும் மெய்ப்பித்துப் பணியில் சேர வேண்டும். அதன்பின் பெரும்பாலும் அங்குள்ள தீவிர சிகிச்சைப் பிரிவிலும் பணியாற்றிய பிறகே இப்பள்ளிக்கு விண்ணப்பிக்க இயலும். அவருடைய தந்தை எங்களிடம் சிகிச்சைக்கு வருபவர். "நல்ல சம்பளத்தை விட்டுவிட்டு, இந்த வயதில் கடன் வாங்கிப் படிக்கிறாள். போன் செய்தால் எடுப்பதில்லை. எங்கள்மேல் கோபமோ?" என்று வருந்தினார்.

கோபமன்று, களைப்பு. அறுவை ஏழரை மணிக்கு என்றால் மாணவர் ஐந்தரைக்கே அரங்கில் இருப்பார். கருவியில் கசிவு உண்டா, உறிஞ்சுகுழாய் இயங்குகிறதா, மருந்துகளைச் சரியாக ஊசிகளில் ஏற்றிப் பெயர் ஒட்டியாயிற்றா என்று பார்க்க வேண்டும். நாளைய நோயாளிக்கான திட்டத்தை இன்றிரவே எழுதி முடித்திருக்க வேண்டும். வகுப்பும் பயிற்சியும் சேர்ந்து வாரத்துக்குச் சராசரி 64 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்பது விதி. விதி வகுக்க வேண்டிய அளவுக்கு வேலை இருக்கிறது என்பதே அதன் பொருள். இதனிடையே வேலைக்குச் சென்று சம்பாதிப்பது பெரும்பாலோருக்கு இயலாது.

உடல் களைப்பைவிடக் கடினமானது ஒன்றுண்டு. நேற்றுவரை தீவிர சிகிச்சைப் பிரிவில் இளையோர் எல்லோரும் ஓடிவந்து ஆலோசனை கேட்ட மூத்த செவிலியர், இங்கே மூச்சுக் குழாய் செருகத் தெரியாத புதியவர். நாங்கள் முதுநிலை மாணவராயிருந்தபோது முதன்முதலில் செருகிய குழாய் உணவுக் குழாய்க்குள் சென்றது. கரியமில வாயுவைக் காட்டும் திரையில் அலைகள் எழவில்லை. கோடு தட்டையாகக் கிடந்தது. பின்னால் நின்ற மூத்தவர் குரலை உயர்த்தாமல், "எடுத்துவிடு, முகமூடியால் மூச்சுக் கொடு, பிறகு பார்க்கலாம்" என்றார். நோயாளிக்குத் தீங்கில்லை. அன்றிரவு எங்களுக்குத் தூக்கமில்லை. இத்தகைய இரவுகளைப் பேசித் தீர்க்க ஆள் இல்லாதவர்களே படிப்பை இடையில் விடுகிறார்கள் என்பது நாங்கள் கண்டறிந்த அளவில் உண்மை. கடும் மருந்துகள் எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் தொழில் இது. மனம் தளர்ந்தவர் அவற்றுக்கே அடிமையாகும் ஆபத்தும் உண்டு. இதை ஒளிக்காமல் பாடத்திட்டத்திலேயே வைத்திருப்பதை நாங்கள் பாராட்டுகிறோம்.

அந்தத் தந்தைக்கு நாங்கள் சொன்னது எளியது. 'ஏன் பேசவில்லை' என்று கேட்காதீர்கள். அங்குள்ள ஞாயிற்றுக்கிழமையில் ஒரு நேரத்தைப் பேசி வைத்துக்கொள்ளுங்கள். படிப்பு எப்போது முடியும் என்பதை விட்டுவிட்டு, என்ன சாப்பிட்டாள் என்று கேளுங்கள்.

இனி, நோயாளியாக அங்கே செல்ல நேர்ந்தால் என்ன கேட்பது? சில மருத்துவமனைகளில் மயக்கவியல் மருத்துவர் ஒருவர் பல அரங்குகளை மேற்பார்வையிடுவார். ஒவ்வோர் அரங்கிலும் மயக்கவியல் செவிலியர் இருப்பார். சிற்றூர்களில் மயக்கவியல் செவிலியர் மட்டுமே இருப்பதும் உண்டு. மருத்துவ மேற்பார்வை என்ற நிபந்தனையிலிருந்து விலகிக்கொள்ள மாநிலங்களுக்கு 2001இல் வழி தரப்பட்டது. முதலில் விலகியது ஐயோவா. இது சரியா என்று மருத்துவர் சங்கங்களும் செவிலியர் சங்கங்களும் இன்றளவும் வாதிடுகின்றன. கிடைத்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த காக்ரேன் அமைப்பின் 2014ஆம் ஆண்டு அறிக்கை, எவர் மேல் என்று உறுதியாகச் சொல்ல இயலாது என்றது. நாங்கள் மருத்துவர்கள், எங்களுக்கும் சார்பு இருக்கும். இதயமோ நுரையீரலோ மிகவும் நலிந்தவருக்கு மயக்கவியல் மருத்துவர் ஒருவர் கூப்பிடு தூரத்தில் இருப்பது நல்லது என்பது எங்கள் எண்ணம். ஆகவே, "அறுவை முழுதும் அருகில் இருப்பவர் யார்? மயக்கவியல் மருத்துவர் கட்டடத்தில் இருக்கிறாரா?" என்று கேளுங்கள். அங்கே எவரும் இதைத் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

கேட்பதைவிடச் சொல்வது முக்கியம். மருந்துகளின் வணிகப் பெயர் அங்கே பலருக்குப் புரியாது. உட்பொருளின் பெயரை எழுதிக் கையில் வைத்திருங்கள். டாபாகிளிஃப்ளோசின் போன்ற சர்க்கரை மாத்திரை எடுப்பவர் கடைசியாக எடுத்த நாளைச் சொல்லியாக வேண்டும். திட்டமிட்ட அறுவைக்கு அதைச் சில நாள் முன்பே நிறுத்துவது வழக்கம். இரத்தத்தை இளக்கும் மாத்திரை, சித்த மருந்து, லேகியம், ஆடும் பல், கடைசியாக உண்ட நேரம், முன்பு மயக்கத்தில் நேர்ந்த தொல்லை ஆகிய எதையும் மறைக்க வேண்டாம். மொழி தடையானால் மருத்துவமனையே மொழிபெயர்ப்பாளரைக் கட்டணமின்றித் தர வேண்டும் என்பது அந்நாட்டின் விதி; தமிழுக்கும் தொலைபேசி வழியே கிடைப்பார்கள். மகனோ மருமகளோ மொழிபெயர்த்தால் அம்மா சிலவற்றைச் சொல்லாமல் விடுவார்.

நாங்கள் சொன்னபடி அன்று அந்த மகன் மொழிபெயர்ப்பாளரைக் கேட்டுப் பெற்றார். அப்போதுதான் அம்மையார், கீழ்வரிசைப் பல் இரண்டு ஆடுவதையும், அன்று பிற்பகல் இரண்டு இட்லி சாப்பிட்டதையும் சொல்லியிருக்கிறார். மகனிடம் சாப்பிடவில்லை என்று சொல்லியிருந்தாராம்.

திரும்பி வந்ததும் மயக்கப் பதிவேட்டின் நகலுடன் எங்களைப் பார்க்க வந்தார். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அழுத்தமும் துடிப்பும் அதில் பதிவாகியிருந்தன. மயக்கம் தொடங்கிய சில நிமிடங்களில் அழுத்தம் வெகுவாக இறங்கியது, அதற்குத் தந்த மருந்து, அதன் அளவு, மூச்சுக் குழாய் முதல் முயற்சியிலேயே சென்றது, பற்கள் பத்திரம் என எல்லாம் இருந்தன. அடுத்த மாதம் அவருக்கு இங்கே முழங்கால் மூட்டு மாற்று அறுவை. அந்தத் தாளை அவருடைய கோப்பின் முதல் பக்கமாக வைத்திருக்கிறோம். வெளிநாட்டிலோ வேறு ஊரிலோ அறுவை செய்துகொண்டவர்கள், வெளியேறும் குறிப்போடு மயக்கப் பதிவேட்டின் நகலையும் கேட்டு வாங்கி வாருங்கள்.