வேகத்துக்கும் ஓர் எல்லை கேளுங்கள்

குறிகட்டுவான் இறங்குதுறையில் படகுக்குக் காத்திருந்தவர்கள் கண்டிருப்பார்கள்: துறைச் சுவரில் மோதும் அலை அங்கேயே அடங்குவதில்லை. திரும்பி வந்து, எதிரே வரும் அலையோடு கூடும் இடத்தில் நீர் துள்ளி எழும். மின்சுற்றுப் பலகையின் செம்புத் தடத்திலும் இதுதான் நடக்கிறது: முனையில் மோதும் சைகை எதிரலையாகத் திரும்புகிறது.

சிப்பிலிருந்து சைகையை வெளியே தள்ளும் பகுதி டிரைவர். அது மின்னழுத்தத்தை அடியிலிருந்து உச்சத்துக்கு ஏற்ற எடுக்கும் நேரம் எழுச்சி நேரம். கண்ணாடியிழைப் பலகையில் சைகை ஒரு நானோசெக்கனில் சுமார் 15 சென்ரிமீற்றர் ஓடும். எழுச்சி நேரம் 1 நானோசெக்கன் என்றால், தடத்தில் அந்த ஏற்றத்தின் நீளமும் 15 சென்ரிமீற்றர். அதில் ஆறிலொரு பங்கை, அதாவது 2.5 சென்ரிமீற்றரை, தடம் தாண்டினால் எதிரலையைக் கவனித்தாக வேண்டும் என்பது பொறியியலாளர்களின் கைக்கணக்கு. 5 நானோசெக்கன் என்றால் 12.5 சென்ரிமீற்றர்வரை கவலையில்லை. செக்கனுக்கு ஒரேயொரு துடிப்பு அனுப்பினாலும் இந்தக் கணக்கு மாறாது. ஏற்றம் செங்குத்தாக இருந்தால், வாங்கும் சிப் ஒரு துடிப்பை இரண்டாக எண்ணிவிடலாம்.

மருந்து எளியது. தடத்தின் சிறப்புத் தடை, அதாவது அதில் ஓடும் அலை உணரும் தடை, 50 ஓம், டிரைவரின் உள்தடை 20 ஓம் என்றால், டிரைவரின் வாயிலில் 30 ஓம் தடையி ஒன்றை வைத்தால் திரும்பும் அலை அங்கே அடங்கும்.

ஆனால் அந்த 20, வெப்பத்தோடும் மின்வழங்கலோடும் மாறும். தரவுத்தாள்களோ பெரும்பாலும் ‘இதற்கு மேல் தாமதிக்காது’ என்ற உறுதியைத்தான் தருகின்றன. எதிரலையைக் கிளப்புவது மறு எல்லை: மிக விரைவாக ஏறினால் எவ்வளவு விரைவு? தயாரிப்பாளர் சிப்பின் உள்ளமைப்பைச் சிறிதாக்கும்போது, அதே இலக்கத்தில் வரும் சிப் முன்னையதைவிட விரைவாகிவிடலாம். அதனால்தான் எழுச்சி நேரம், உள்தடை இரண்டுக்கும் கீழெல்லையையும் மேலெல்லையையும் எழுத்தில் கேட்க வேண்டும். 1993இல் வெளியான ஐபிஸ் கோப்பு முறை, டிரைவரின் மின்னியல்பைக் குறைந்த, வழக்கமான, கூடிய நிலைகளில் எழுத வழிசெய்தது.

இப்படி எல்லை கேட்பது தீவுகளில் இன்னும் முக்கியம். நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவுக்கான கலப்பு மின்திட்டத்துக்கு 2024 மார்ச்சில் இந்திய நன்கொடையுடன் ஒப்பந்தம் கைச்சாத்தானது: 1,700 கிலோவாற் சூரியசக்தி, 530 கிலோவாற் காற்றாலை, 2,400 கிலோவாற்மணி மின்கலம். இத்தகைய நிலையங்களை ஒத்திசைப்பவை சிறு சுற்றுப்பலகைகளே. தீவில் ஒரு பலகை பழுதானால் மாற்றுச் சிப் கடல் தாண்டி வரவேண்டும். அதே இலக்கத்தோடு, ஆனால் விரைவு கூடி வந்த சிப், நேற்றுவரை நன்றாக ஓடிய பலகையைத் தடுமாற வைக்கலாம். வாங்கும் ஆணையில் சேர்க்கும் ஒரு கீழெல்லை, அந்தப் படகுப் பயணம் வீணாகாமல் காக்கும்.