பழச் சோப்பில் நிறமும் மணமும்

நாவல், வாழை, ஆரஞ்சு முதலிய பழங்களின் நிறமும் மணமும் அமையுமாறு கையால் சோப்புச் செய்வோர், தொடக்கத்தில் பழச்சாற்றையே எண்ணெயுடன் சேர்த்துப் பார்க்கின்றனர். நாவற்சாற்றின் ஊதா நிறம் சற்று நேரத்தில் பசுமையாகிப் பின்னர்ப் பழுப்பாகிறது. மணமோ அறவே மறைந்துவிடுகிறது. அளவு போதவில்லை எனக் கருதி மேலும் சாறு ஊற்றுவதால் பயனில்லை. குறை சாற்றில் இல்லை. சோப்பு உண்டாகும் முறையிலேயே உள்ளது.

எண்ணெய் என்பது கொழுப்பு அமிலங்களும் கிளிசரினும் இணைந்த பொருள். இரசாயன நூலார் இவ்வகைப் பொருள்களை எஸ்டர் என்பர். காஸ்டிக் சோடா அவ்விணைப்பைப் பிளக்கும்போது சோப்பும் கிளிசரினும் கிடைக்கின்றன. வாழைப்பழ மணத்துக்கு முக்கிய காரணமான ஐசோ-அமைல் அசிட்டேட்டும், அன்னாசி மணத்தில் பங்குகொள்ளும் எதில் பியூட்டிரேட்டும் எஸ்டர்களே. ஆகவே, எண்ணெயைச் சோப்பாக்கும் அதே காரம் பழத்தின் மணத்தையும் பிளந்துவிடுகிறது.

எஸ்டர் அல்லாத மணப்பொருள்கள் இதற்குத் தாக்குப்பிடிக்கின்றன. எலுமிச்சைப் புல் தைலத்தில் பெரும்பகுதியாக உள்ள சிட்ரல் அத்தகையது. சோப்புத் தொழிலில் இத்தைலம் நெடுங்காலமாகப் பயன்படுவதற்கு இதுவும் ஒரு காரணம். கேரளத்தில் ஓடக்காலி என்னுமிடத்தில் இப்புல்லைப் பற்றிய ஆராய்ச்சி நிலையம் 1951-ஆம் ஆண்டில் நிறுவப்பட்டது. ஆரஞ்சுத் தோல் தைலத்தைக் காரம் சிதைப்பதில்லை. ஆயினும் அது விரைவில் ஆவியாகிவிடும். சிறிது எலுமிச்சைப் புல் தைலத்தைச் சேர்த்தால், ஆரஞ்சு மணம் மங்கிய பின்னரும் பழத்தை நினைவூட்டும் மணம் நிற்கும்.

நிறத்திலும் இவ்வாறே தெரிந்தெடுக்க வேண்டும். மஞ்சள் தூள் காரத்தில் செந்நிறமாகி, வெளிச்சத்தில் நாளடைவில் வெளிறும். சாப்பிரா விதையை எண்ணெயில் இலேசாகச் சூடாக்கி வடித்தால் கிடைக்கும் நிறம் காரத்தில் மாறாது. மாம்பழ மஞ்சள் முதல் ஆரஞ்சு வரை இதனால் பெறலாம். நாவலின் ஊதாவுக்கு இத்தகைய எளிய தாவர நிறம் கிடைப்பது அரிது.

தேங்காயெண்ணெய் 100 கிராமுக்கு ஏறத்தாழ 17 கிராம் காஸ்டிக் சோடா போதும். சிறிதளவு எண்ணெய் மாறாமல் எஞ்சுவது தோலுக்கு நல்லது. சோடாவையே நீரில் சிறிது சிறிதாக இட வேண்டும். சோடாவின்மீது நீரை ஊற்றலாகாது. கண்ணாடியும் கையுறையும் அணிதல் கட்டாயம். அலுமினியப் பாத்திரம் அரிக்கப்படுமாதலால் எஃகுப் பாத்திரமே ஏற்றது. கலவை கூழ்போல் இறுகத் தொடங்கிய பின்னரே தைலத்தைச் சேர்க்க வேண்டும். 100 கிராம் எண்ணெய்க்கு 1 கிராமுக்கு மேற்பட்டால் சிலருக்குத் தோல் எரிச்சல் உண்டாகலாம். கட்டியை 4 முதல் 6 வாரம் உலர விட வேண்டும். பழ வடிவில் வார்த்த கட்டிகளைச் சிறுவர் தின்பண்டமெனக் கருதி வாயில் இடக்கூடும். அவற்றைச் சமையலறையில் வைத்தல் தவறு.

பள்ளியில் காஸ்டிக் சோடா இன்றியே இதைக் காட்டலாம். பழைய சோப்பின் சீவல்களை நீரில் கரைத்து மூன்று கிண்ணங்களில் ஊற்றி, ஒன்றில் நாவற்சாறும், மற்றொன்றில் மஞ்சள் தூளும், மூன்றாவதில் சாப்பிரா எண்ணெயும் சில துளிகள் இட்டுக் கலக்குக. முதல் இரண்டும் உடனே நிறம் மாறும், மூன்றாவது மாறாது. மஞ்சள் உள்ள கிண்ணத்தில் எலுமிச்சைச் சாறு பிழிந்தால், மாறிய நிறம் மீண்டும் மஞ்சளாவதையும் மாணவர் காண்பர்.